யார் வரைஞ்சது?

“நல்லாத்தான் இருக்கும்மா. யார் வரைஞ்சது?”

பெரியப்பா கேலியாகக் கேட்கவில்லை. ரெம்பியாவில் தம் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, நான் கொண்டுபோன மாதிரிப் புத்தகத்தை இடது கண்ணுக்கு அரைச் சாண் தூரத்தில் பிடித்து, கடைசிப் பக்கம்வரை புரட்டிவிட்டுத்தான் கேட்டார். அதில் இருந்த 41 ஓவியங்களும் அவர் வரைந்தவை.

நான் கோலாலம்பூரில் ஒரு விளம்பர அலுவலகத்தில் வடிவமைப்பாளராக இருக்கிறேன். ஷாம்பு முதல் அடுக்குமாடி வீடு வரை எல்லாவற்றுக்கும் விளம்பரம் செய்து பத்து வருடம் ஆகிறது. பெரியப்பாவின் ஓவியங்களைத் தொகுத்து ஒரு புத்தகம் போடுவது எனக்குப் பெரிய வேலையே இல்லை என்று நினைத்திருந்தேன். மூன்று வாரம் இரவில் கண் விழித்துச் செய்ததற்கு அந்த ஒரு கேள்விதான் பதிலாக வந்தது. அன்று மாலை காரில் திரும்பும்போது சிம்பாங் அம்பாட் டோல் வரைக்கும் கோபம் தீரவில்லை. டோலைத் தாண்டியபிறகு, அவர் கேட்டதில் ஏதோ நியாயம் இருக்கிறது என்று உறைக்க ஆரம்பித்தது.

கறுப்புத் தகரம்

மலாயாவில் ரப்பரை வணிகப் பயிராக முதன்முதலில் பயிரிட்டது எங்கள் மலாக்காவில்தான். தான் சாய் யான் என்ற சீன வணிகர் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் அதைத் தொடங்கினார். பிறகு மாநிலம் முழுக்கத் தோட்டங்கள் பரவின. அப்படி ரெம்பியாவை ஒட்டியிருந்த ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவர் பெரியப்பா. தாத்தாவும் பாட்டியும் பால் வெட்டியவர்கள். பெரியப்பாவுக்கு வெட்டுக் கத்தியைவிட பிரஷ் கைக்கு வந்தது. 16 வயதில் அலோர் காஜாவில் ஒரு சீனரின் சைன்போர்டு கடையில் எடுபிடியாகச் சேர்ந்தார். டின் கழுவுவதில் தொடங்கி, ஐந்து வருடத்தில் மூன்று மொழியிலும் பலகை எழுதும் ஆளாகிவிட்டார். சீன எழுத்தை அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் எந்தக் கோடு முதலில், எது கடைசியில் என்று தெரியும். “எழுத்தும் படம்தானம்மா” என்பார்.

அந்தக் காலத்தில் ரெம்பியா, தெபோங், டுரியான் துங்கால் பக்கம் கடைப் பலகை, லாரியின் பின்பலகை, கோயில் திருவிழா வளைவு என்று எதைப் பார்த்தாலும் அவர் கை தெரியும். திருவிழாவுக்கும் பள்ளி விளையாட்டுப் போட்டிக்கும் சட்டை, துணிப் பதாகை எல்லாம் வீட்டுப் பின்கட்டில் ஸ்கிரீன் பிரிண்ட் போட்டுக் கொடுப்பார். பிறகு கணினியில் வெட்டும் ஸ்டிக்கர் வந்தது. அதன்பின் ஒரு மணி நேரத்தில் அச்சாகி வரும் பேனர் வந்தது. வேலை மெல்ல மெல்ல நின்றது.

அவர் தமக்காக வரைந்தது தனிக் கதை. பலகை வேலையில் மிஞ்சிய தகரத்தையும் பிளைவுட்டையும் வீட்டுக்கு எடுத்துவருவார். முதலில் முழுக்கக் கறுப்பு எனாமல் பெயிண்ட் அடிப்பார். அது காய்ந்தபிறகு, இரவில், அதன்மேல் வரைவார். எல்லாமே தோட்டம்: வெட்டுக்குப் போகும் பெண்கள், பால் மங்கு, சைக்கிளில் தொங்கும் வாளி, காண்டாக் கட்டையில் பால் தூக்கி வரும் ஆண்கள், பெரட்டுக் களம், மரம், மரம், மரம்.

ஏன் கறுப்பு என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். “கறுப்புப் பெயிண்டுதான் எப்பவும் மிச்சம் இருக்கும்” என்றார். பெரியவளானபிறகு மறுபடி கேட்டேன். அப்போது வேறு பதில் சொன்னார். பொழுது விடிவதற்குமுன், குளிர்ச்சி இருக்கும்போது வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் ஓட்டம் குறைந்துவிடும். அதனால் பாட்டி இருட்டிலேயே நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஆறு வயதுப் பிள்ளையான பெரியப்பா பின்னாலேயே போவார். “விளக்கு படுற இடம் மட்டும் தெரியும். ஒரு மரம் வரும், போகும். அடுத்த மரம் வரும். மத்ததெல்லாம் கறுப்பு. அம்மாவோட முகம்கூடத் தெரியாது, கைதான் தெரியும்.”

அந்தத் தகரங்கள்தான் கட்டிலுக்கு அடியிலும் அலமாரிக்குப் பின்னாலும் நாற்பது வருடமாகக் கிடந்தன. தோட்டம் செம்பனையாக மாறியது. லயம் போனது. குடும்பம் தாமான் வீட்டுக்கு வந்தது. தகரங்களும் கூடவே வந்தன. சிலவற்றின் ஓரம் துருவேறியது. பிளைவுட் சிலதைக் கறையான் தின்றுவிட்டது.

இரண்டு வருடத்துக்குமுன் பெரியப்பாவுக்குக் குளுக்கோமா என்று தெரியவந்தது. கண்ணுக்குள் அழுத்தம் கூடி, பார்வை நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிற நோய். பெரும்பாலும் ஓரத்துப் பார்வை முதலில் போகும். வலி இருக்காது, ஆகவே பலருக்குத் தெரிவதே தாமதமாகத்தான். போன பார்வையைத் திரும்பக் கொண்டுவர முடியாது, இருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். வலது கண் ஏறக்குறைய போய்விட்டது. இடது கண்ணில் நடுப்பகுதி மட்டும் தெரிகிறது.

நான் புத்தகம் போட அவசரப்பட்டது அதனால்தான். ஆனால் அந்த அவசரத்தில் ஒன்றை யோசிக்கவில்லை. அச்சில் வரும் நிறம் சரியா, தப்பா என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் அவர்தான். அவருடைய கண்தான் மங்கிக்கொண்டிருந்தது.

நான் செய்த முதல் தப்பு

முதல் மாதிரியில் என்ன செய்தேன் என்று இப்போது சொல்லவே கூச்சமாக இருக்கிறது. வீட்டு வாசலில் டியூப்லைட் வெளிச்சத்தில் கைப்பேசியால் படம் எடுத்தேன். எனாமல் பெயிண்ட் கண்ணாடி மாதிரிப் பளபளக்கும். பளபளப்பு விழுந்த இடத்தையெல்லாம் கணினியில் அழித்தேன். ஆணி ஓட்டை, துரு, கீறல் எல்லாவற்றையும் நீக்கினேன். நிறம் எடுப்பாகத் தெரியவேண்டும் என்று எல்லா நிறத்தையும் ஏற்றினேன். பளபளப்பான வெள்ளைத் தாள். ஒவ்வொரு பக்கத்துக்கும் கோலப் பூ ஓரம். தங்க நிறத்தில் தலைப்பு. நல்ல படங்களைப் பெரிதாக்கி இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துப் போட்டேன்.

கணினித் திரையில் ஜொலித்தது. அச்சில் வந்தபோது கறுப்பு, காப்பிக்கொட்டை நிறத்துக்கும் சாம்பலுக்கும் நடுவில் எங்கோ நின்றது. இரண்டு பக்கம் பரவிய படத்தில், வெட்டிக்கொண்டிருந்த பாட்டியின் கை சரியாகப் புத்தகத்தின் நடு மடிப்புக்குள் போய் மறைந்துவிட்டது. பெரியப்பாவுக்குத் தம் அம்மாவிடம் தெரிந்ததே அந்தக் கை மட்டும்தான். அதை நான் பசைக்குள் புதைத்துவிட்டேன்.

திரை, ஒளியால் நிறம் காட்டுகிறது: சிவப்பு, பச்சை, நீலம். அச்சு, மையால் காட்டுகிறது: நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு. திரையில் தெரியும் எல்லா நிறமும் மையில் கிடைக்காது. இது என் தொழிலில் முதல் வருடப் பாடம். விளம்பரத்தில் இதைப்பற்றிப் பெரிதாகக் கவலைப்படுவதில்லை, ஷாம்பு பாட்டில் வந்து “இது என் நிறமில்லை” என்று சொல்லப்போவதில்லை. ஓவியம் சொல்லும். ஓவியர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் நிச்சயம் சொல்வார்.

சென்னையிலிருந்து வந்த புத்தகம்

அடுத்த வாரம் என் அலுவலகத் தோழி ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். சென்னையில் இருக்கும் தாரா புக்ஸ் வெளியிட்டது. ‘தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்’, அதாவது மரங்களின் இரவு வாழ்க்கை. பெயரைக் கேட்டதும் எனக்கு பெரியப்பாதான் நினைவுக்கு வந்தார். திறந்தேன். முழுக்கக் கறுப்புத் தாள். அதன்மேல் வண்ணத்தில் மரங்கள்.

தாரா புக்ஸை 1994இல் கீதா உல்ஃப் தொடங்கினார். இந்தப் புத்தகம் 2006இல் வந்தது. மத்தியப் பிரதேசத்துக் கோண்டு பழங்குடி ஓவியர்கள் மூவர் வரைந்தது: பஜ்ஜு ஷியாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி. பகலெல்லாம் நிழலும் உணவும் தந்து ஓயாமல் உழைக்கும் மரங்கள், இரவில்தான் தம் உண்மை உருவத்தைக் காட்டும் என்பது கோண்டு மக்களின் நம்பிக்கை. 2008இல் இத்தாலியின் பொலோனியா குழந்தைகள் புத்தகக் கண்காட்சியில் இந்தப் புத்தகத்துக்குப் பரிசு கிடைத்தது. பஜ்ஜு ஷியாமுக்கு 2018இல் பத்மஸ்ரீ விருது, துர்கா பாய்க்கு 2022இல்.

கோண்டு ஓவியம் முதலில் வீட்டுச் சுவரிலும் தரையிலும் இருந்தது. போபாலில் பாரத் பவன் கலை மையம் 1982இல் திறந்த சமயத்தில், ஓவியர் ஜெ. சுவாமிநாதன் கிராமங்களில் கலைஞர்களைத் தேட ஆள் அனுப்பினார். அப்படிக் கிடைத்த இளைஞர்தான் ஜன்கர் சிங் ஷியாம். சுவரில் இருந்ததைத் தாளுக்கும் துணிக்கும் கொண்டுவந்தவர் அவர். அவர் வழியில் வந்தவர்தான் பஜ்ஜு ஷியாம். ஓர் உணவகத்தின் சுவரில் வரைய லண்டனுக்குப் போன பஜ்ஜு, தாம் பார்த்த லண்டனைக் கோண்டுக் கண்ணோடு வரைந்தார். பிக் பென் கடிகாரம் சேவலானது, பாதாள ரயில் மண்புழுவானது. அதுவும் 2004இல் தாரா புத்தகமாக வந்திருக்கிறது.

எனக்கு வியப்பு வேறு இடத்தில். சாதாரண ஆஃப்செட் அச்சு மை கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரிவது. வெள்ளைத் தாளின் வெளிச்சம் அதன் வழியே வந்தால்தான் நிறம் தெரியும். அந்த மையைக் கறுப்புத் தாளில் அடித்தால் ஏறக்குறைய ஒன்றும் தெரியாது. அப்படியானால் இவர்கள் எப்படி அடித்தார்கள்? ஸ்கிரீன் பிரிண்டிங். சென்னையில் ஆறுமுகம் என்பவர் தலைமையில் இயங்கும் பட்டறையில், கையால் செய்த தாளில், ஒரு நிறத்துக்கு ஒரு சட்டம் வைத்து, ஒவ்வொரு தாளாகக் கையால் இழுத்து அச்சடிக்கிறார்கள். ஒரு நிறம் காய்ந்தபிறகு அடுத்த நிறம். பிறகு கையால் தைத்துக் கட்டுகிறார்கள்.

அந்த ஞாயிறு புத்தகத்தை ரெம்பியாவுக்கு எடுத்துப்போனேன். பெரியப்பாவிடம் எதுவும் சொல்லாமல் மடியில் வைத்தேன். அவர் பார்க்கவில்லை. முதலில் விரலால் தடவினார். பிறகு முகர்ந்து பார்த்தார்.

“ஸ்கிரீன்” என்றார். “மை மேல நிக்குது பாரு. எவனோ நல்லா இழுத்திருக்கான், ஒரே அழுத்தம்.”

பிறகுதான் கண்ணருகே கொண்டுபோனார். வெகுநேரம் பேசவில்லை. அரை மணி நேரம் கழித்து, “கறுப்ப இவங்க அடிக்கலைம்மா. கறுப்புலதான் ஆரம்பிச்சிருக்காங்க” என்றார்.

எனக்கு வேண்டிய பாடம் முழுக்க அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. நான் ஓவியத்தை எடுத்து, என் வெள்ளைத் தாளில் வைத்து, என் பூ ஓரம் போட்டு அழகு பண்ணியிருந்தேன். அவர்கள் ஓவியத்துக்கு எந்தத் தரை வேண்டுமோ அந்தத் தரையைப் புத்தகமாக்கியிருந்தார்கள். அழகு அதிலிருந்து வந்தது.

மறுபடி முதலிலிருந்து

எல்லாப் படத்தையும் மறுபடி எடுத்தேன். இம்முறை கடன் வாங்கிய நல்ல கேமராவில். காலை எட்டு மணிக்கு, வெயில் நேரடியாக விழாத வீட்டுப் பக்கவாட்டு நிழலில். தகரத்தைச் சுவரில் நேராகச் சாய்த்து, கேமராவை அதற்கு இணையாக வைத்து, எனக்குப் பின்னால் பெரியம்மாவின் கறுப்புப் புடவையைக் கொடியில் தொங்கவிட்டேன். நானும் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டேன். பளபளப்பில் எதிரொளிப்பது கறுப்பாக இருந்தால் படத்தில் தெரியாது. ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் ஒரு நிற அட்டையும் ஓர் அளவுகோலும். கணினியில் நிறத்தைச் சரிபார்க்க அந்த அட்டைதான் சாட்சி.

ஆணி ஓட்டையை அழிக்கவில்லை. ஒரு தகரத்தின் மேல் மூலையில் இரண்டு ஓட்டை இருக்கும். அது பழைய மளிகைக் கடைப் பலகை. அடியில் கடைப் பெயர் இன்னும் நிழலாகத் தெரிகிறது. “அதை எதுக்கு மறைச்ச? அந்தக் கடைக்காரர்தான் தகரத்தைச் சும்மா கொடுத்தாரு” என்றார் பெரியப்பா. அது படத்துக்குக் கீழே வரும் குறிப்பாகவே ஆனது.

புத்தகத்தின் அளவை நான் முடிவு செய்யவில்லை. தகரங்கள் முடிவு செய்தன. பெரும்பாலானவை நிமிர்ந்து நிற்கும் நீளத் தகரங்கள், மரத்துக்கு ஏற்றவை. ஆகவே புத்தகமும் ஒல்லியாக, உயரமாக இருக்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு ஒரு படம். எதுவும் நடு மடிப்பைத் தாண்டாது. ஆறு படங்களுக்கு மட்டும் எதிர்ப்பக்கத்தில், படத்தின் ஒரு மூலையை உண்மையான அளவிலேயே போட்டேன். அதில் பிரஷ் மயிர் ஓடிய தடம் தெரியும். பாட்டியின் கை அந்த ஆறில் ஒன்று.

41 ஓவியத்தில் 36தான் புத்தகத்தில் வந்தன. ஐந்தை அவரே வேண்டாமென்றார். “இது வேற ஒரு காலண்டரைப் பாத்து வரைஞ்சது. என்னுது இல்ல.” அட்டை தவிர 64 பக்கம். பதினாறு பதினாறாக மடித்தால் நான்கு மடிப்பு. அதை நூலால் தைத்துக் கட்டச் சொன்னேன். பசை மட்டும் போட்ட புத்தகம் முழுசாக விரியாது, வலுக்கட்டாயமாக விரித்தால் தாள் கழன்று வரும். தைத்தால் கொஞ்சம் செலவு கூடும். ஆனால் புத்தகம் மேசையில் மல்லாந்து படுக்கும். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படிக்க முடியாத ஒருவருக்காகச் செய்யும் புத்தகம் அப்படித்தானே இருக்க வேண்டும்? பெரியப்பா ஒரு கையில் பூதக்கண்ணாடி வைத்திருப்பார்.

உள்பக்கத்தையும் ஸ்கிரீனில் அடிக்க எங்களுக்கு வசதியில்லை. அவர் ஓவியத்தில் நிறங்கள் ஒன்றோடொன்று குழைந்து வரும், நிறத்துக்கு ஒரு சட்டம் என்று பிரிக்கவும் முடியாது. ஆகவே சாதாரண வண்ண அச்சுதான். அதில் கறுப்பைக் கறுப்பாகக் கொண்டுவருவதுதான் சண்டை. வெறும் கறுப்பு மை மட்டும் அடித்தால் சாம்பல் தட்டும். அடியில் கொஞ்சம் நீலமும் மற்ற மைகளும் சேர்த்தால்தான் கறுப்புக்கு ஆழம் வரும். அளவு மீறினால் தாள் காயாது, அடுத்த பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். சொரசொரப்பான தாள் மையைக் குடித்துவிடும். பளபளக்கும் தாளில் விளக்கு வெளிச்சம் பட்டால் படமே தெரியாது. 157 கிராம் மேட் தாளில் வந்து நின்றோம்.

மூன்று முறை சோதனை அச்சு எடுத்தோம். ஒவ்வொரு முறையும் தாளைத் தகரத்தின் பக்கத்தில் வைத்து, பகல் வெளிச்சத்தில் ஒப்பிட்டோம். பெரியப்பா தாளைப் பார்ப்பார், தகரத்தைப் பார்ப்பார், தாளைப் பார்ப்பார். பத்து நிமிடத்தில் கண் களைத்துவிடும். சொட்டு மருந்து விட்டுக்கொண்டு படுத்துவிடுவார். ஒரு நாளைக்கு மூன்று படம், நான்கு படம். ஆறு ஞாயிறு போனது.

“இலை ரொம்பப் பச்சையா இருக்கு.”

“தகரத்துலயும் அப்படித்தானே பெரியப்பா இருக்கு?”

“இல்ல. இது வெயில்ல பாக்குற பச்சை. நான் வெச்சது விளக்குல பாக்குற பச்சை. மஞ்சளைக் கூட்டு, நீலத்தைக் கொற.”

குறைத்தேன். அவர் சொன்னதுதான் சரி. மரம் சட்டென்று இருட்டிலிருந்து முன்னால் வந்தது.

அன்று போகிறபோக்கில் இன்னொன்றும் சொன்னார். “இப்ப எனக்குக் கண்ணு எப்படித் தெரியுது தெரியுமா? அம்மா பின்னாடி நடந்தேனே, அதே மாதிரிதான். நடுவுல ஒரு வட்டம். சுத்தி ஒண்ணுமில்ல.” சொல்லிவிட்டுப் பெரியம்மாவிடம் டீ கேட்டார். நான்தான் எழுந்து பின்கட்டுக்குப் போய்ச் சிறிது நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

எழுத்து விஷயத்திலும் ஒரு பாடுபட்டேன். வடிவமைப்பு மென்பொருளில் தமிழுக்கான அமைப்பைச் சரியாகத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பு ஓரிடத்திலும் எழுத்து ஓரிடத்திலுமாகப் பிரிந்து நிற்கும். இருபது வயது இளைஞர் செய்த திருமண அழைப்பிதழில் இதைப் பார்த்து நாம் சிரிப்போம். பலகை எழுதிப் பிழைத்தவர் புத்தகத்தில் ஒரு கொம்பு தவறினாலும் அது சிரிக்கிற விஷயமில்லை. அச்சுக்கு அனுப்புமுன் 64 பக்கத்தையும் தாளில் எடுத்து, எழுத்தெழுத்தாக உரக்கப் படித்தேன். படங்களுக்குக் கீழே வரும் வரிகள் அனைத்தும் அவர் பேச்சு, நான் எழுதியது எதுவும் இல்லை. கூடவே ஆண்டு, அளவு, எதன்மேல் வரைந்தது என்ற விவரம்.

வாழ்த்துரை வேண்டுமா?

வீட்டில் சண்டை வந்தது இந்த இடத்தில்தான். பெரியப்பாவின் மகன், எனக்கு அண்ணன், ஒரு யோசனை சொன்னார். முன்பக்கத்தில் நான்கு பிரமுகர்களின் படத்தோடு வாழ்த்துரை போடலாம், அவர்கள் ஆளுக்கு ஐம்பது புத்தகம் வாங்கிக்கொள்வார்கள், செலவு கையைக் கடிக்காது. அவர் சொன்னதில் தவறில்லை. நம் நாட்டில் தமிழ்ப் புத்தகம் போட்டவர்களுக்கு இதன் அருமை தெரியும். 100 பிரதிக்கு, ஒன்றுக்கு 38 ரிங்கிட் விழுகிறது. அண்ணனும் நானும் பாதிப் பாதி போடுவதாகப் பேச்சு. அண்ணனுக்குப் பிள்ளைகள் இரண்டு பேர் கல்லூரியில்.

“உனக்கென்னம்மா, அழகு முக்கியம். எனக்குக் கணக்கு முக்கியம்” என்றார் அண்ணன். நானும் பதிலுக்குச் சூடாகப் பேசிவிட்டேன். இரண்டு வாரம் எங்களுக்குள் பேச்சில்லை.

முடித்துவைத்தது பெரியப்பாதான். “படத்துக்கு முன்னாடி படம் எதுக்குப்பா? கடைசியில நன்றின்னு எல்லார் பேரையும் போடுங்க. தகரம் கொடுத்தவர் பேரையும் போடுங்க” என்றார். அண்ணன் தலையாட்டினார். பிறகு அவரே தம் நண்பர்களிடம் முன்பணம் வாங்கி 40 பிரதிக்கு ஆள் பிடித்தார். என் அழகும் அவர் கணக்கும் கடைசியில் ஒரே பக்கத்தில்தான் வந்து நின்றன.

அட்டைக்கு மட்டும் நான் ஒன்று கேட்டேன். “பெரியப்பா, இதை நாமே இழுக்கலாமா?”

பின்கட்டில் பழைய சட்டங்கள் இருந்தன. புதுத் துணி இழுத்துக் கட்டினோம். கறுப்பு அட்டை, இரண்டே நிறம்: வெள்ளையில் ஒரு மரம், மஞ்சளில் விளக்கு வட்டம். சட்டத்தை அட்டையோடு பொருத்துவது நுணுக்கமான கண் வேலை, அதை நான் செய்தேன். ரப்பர் பட்டையால் மையை இழுப்பது கை வேலை, அதை அவர் செய்தார். நான் இழுத்தால் ஓரத்தில் மை தேங்கியது. அவர் இழுத்தால் ஒரே சீர். கண் பார்க்காமலே கை அழுத்தத்தை அறிந்தது. 120 அட்டை இழுத்தோம். வட்டம் இரண்டு மில்லிமீட்டர் நகர்ந்துபோனதை எல்லாம் நான் “பரவாயில்லை” என்றேன். “காசு கொடுத்து வாங்குறவனுக்குப் பரவாயில்லைன்னு கொடுக்கக்கூடாது” என்று எடுத்து ஓரமாக வைத்தார். மிஞ்சியது 106.

உங்கள் வீட்டிலும் இருக்கும்

தேசிய நூலகத்தில் ஐ.எஸ்.பி.என். எண் வாங்கினோம். 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி மலேசியாவில் வெளியாகும் அச்சு நூலில் ஐந்து பிரதிகளைத் தேசிய நூலகத்துக்குக் கொடுக்க வேண்டும். பலர் இதை ஒரு தொல்லையாக நினைக்கிறார்கள். எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. நம் நாட்டுத் தேசிய கலைக்கூடத்தில் சையத் தாஜுதீன் போன்ற, சென்னை ஓவியக் கல்லூரியில் படித்துவந்த பெரிய ஓவியர்களின் படைப்புகள் இருக்கின்றன. ரெம்பியாவில் சைன்போர்டு எழுதியவருக்கு அங்கே சுவர் கிடைக்காமல் போகலாம். ஆனால் நூலக அலமாரியில் அவர் பெயர் போட்ட முதுகு ஒன்று இனி நிற்கும். தகரத்தைத் துரு தின்றாலும் அந்த ஐந்து பிரதி இருக்கும்.

இதைப் படிக்கிற உங்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வீட்டிலும் ஒரு மாமாவோ, தாத்தாவோ, அத்தையோ வரைந்தது ஏதாவது இருக்கும். கோயில் சுவரில் இருக்கும், அடுத்த திருப்பணியில் அதன்மேல் வெள்ளை அடித்துவிடுவார்கள். புத்தகம் போட வேண்டும் என்பதில்லை. ஒரு காலை நேரம், நிழலில் வைத்து, நேராக நின்று ஒரு படம் எடுங்கள். பக்கத்தில் ஓர் அளவுகோல் வையுங்கள். வரைந்தவர் பெயர், ஊர், வருடம், எதன்மேல் வரைந்தார் என்று எழுதி வையுங்கள். நிறத்தை ஏற்றாதீர்கள். ஓட்டையை அழிக்காதீர்கள். வரைந்தவர் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

புத்தகம் வந்த அன்று மாலை வாசலில் உட்கார்ந்து பெரியப்பா பூதக்கண்ணாடியோடு பார்த்துக்கொண்டிருந்தார். முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை பார்த்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, ஒன்றும் சொல்லவும் இல்லை. பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பாக்சிக் வேலியோரமாக வந்து எட்டிப் பார்த்தார். பாட்டியின் கை இருக்கும் பக்கம் திறந்திருந்தது.

“சந்தேக்ஞா! சியாப்பா லுகிஸ்?”, எவ்வளவு அழகு, யார் வரைந்தது என்று கேட்டார்.

பெரியப்பா கண்ணாடியைக் கீழே வைத்தார்.

“சாயா” என்றார். நான்தான்.